பள்ளிக்கூடத்து மழைக்கணக்கு

ஐக்கிய சங்கத்தின் அங்கத்தினர் யாவரும் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை ஒருவாறு அறிவர். ஆயினும், குடியானவனுக்கு வரவுகளிலெல்லாம் முதன்மையானது மழையே என்பதும், அவ்வரவுக்குப் பெரும்பாலான கிராமங்களில் கணக்கே இல்லை என்பதும் யோசிக்கத்தக்க விஷயங்களாகும். இக்கணக்கை எழுதுவதற்குக் கிராமப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே தக்கவர்கள். அதனால் கிராமத்துக்கு நிலையான பதிவு ஒன்று கிடைக்கும். பிள்ளைகளுக்கோ எண்களைச் சேகரித்து, வகைப்படுத்தி, ஒப்பிட்டு, நியாயமான முடிவுக்கு வரும் பயிற்சி உண்டாகும். பாடப்புத்தகத்துக் கணக்கில் எண்கள் பிறரால் தரப்பட்டவை. மழைக்கணக்கிலோ எண்ணும் பிள்ளைகள் கண்டது. அதன் பயனும் அவர்கள் வீட்டு நிலத்திலேயே தெரிவது.

இதற்கு வேண்டிய கருவி மிக எளியது. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, பக்கம் நேரான பாத்திரம் ஒன்றும், மில்லிமீட்டர் குறித்த அளவுகோல் ஒன்றும் தொடக்கத்துக்குப் போதும். பாத்திரம் அகலமானாலும் குறுகியதானாலும் நிற்கும் நீரின் ஆழம் ஒன்றே. அது ஏன் என்பதைப் பிள்ளைகளே ஆராய்ந்து சொல்லும்படி உபாத்தியாயர் கேட்கலாம். மரம், சுவர் முதலியவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால், திறந்த வெளியில் பாத்திரத்தை அசையாமல் வைக்கவேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கப்படி, காலை 8-30 மணிக்கு அளந்து, முந்திய 24 மணி நேரத்து மழையை அன்றைய தேதியில் எழுதவேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கர் நிலத்தில் ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீர். இதைக் கணக்கிட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு மில்லிமீட்டர் என்னும் சொல் அதன்பின் வெறும் சொல்லாக இராது.

குறிப்பேட்டில் ஒரு விதியைக் கண்டிப்பாக அனுசரிக்கவேண்டும். மழை பெய்யாத நாளில் பூஜ்யம் என்று எழுதவேண்டும். எவரும் அளவாத நாளில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதவேண்டும். பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு. சங்கத்துச் சிட்டாவில் எழுதாமல் விட்ட தொகையைப் பிறகு ஊகித்து எழுதுவது எவ்வளவு குற்றமோ, அவ்வளவு குற்றமே இதுவும். நேர்மையான பதிவுதான் எல்லா ஆராய்ச்சிக்கும் அடிப்படை என்பதைப் பிள்ளைகள் இளமையிலேயே கற்கும் இடம் இது.

மாதக் கடைசியில் தொகை போட்டு, மழை நாட்களை எண்ணிச் சித்திரமாக வரையவேண்டும். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளே வானிலைத் துறையின் கணக்கில் மழை நாளாகும். இரண்டு மூன்று வருஷப் பதிவு சேர்ந்தபின் சராசரி என்பதைக் கற்பிக்கலாம். சராசரி எவ்வாறு ஏமாற்றும் என்பதையும் உடன் கற்பிக்கவேண்டும். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் சுமார் 440 மில்லிமீட்டர் மழை இயல்பு. 2015-ஆம் வருஷம் சுமார் 670 மில்லிமீட்டர் பெய்து வெள்ளத்தால் பெருஞ்சேதம் விளைந்தது. 2016-ஆம் வருஷம் சுமார் 170 மில்லிமீட்டரே பெய்து பயிர்கள் கருகின. இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்தால் 420. அதாவது ஏறக்குறைய இயல்பான மழை! வெள்ளமும் வறட்சியும் அந்த ஒரே எண்ணில் மறைந்துவிடுகின்றன. ஆகையால் சராசரியை மட்டும் பாராமல், மிக அதிகம் எவ்வளவு, மிகக் குறைவு எவ்வளவு என்பவற்றையும் பார்க்கும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்கு உண்டாக்கவேண்டும்.

மொத்தத் தொகையும் போதாது. ஒரு மாதத்து 100 மில்லிமீட்டர் மழை இரண்டே நாளில் கொட்டித் தீர்வது ஒன்று. பத்து நாட்களில் பகிர்ந்து பெய்வது வேறொன்று. தூத்துக்குடி, விருதுநகர் ஜில்லாக்களின் கரிசல் மானாவாரி நிலங்களில் புழுதி விதைப்புச் செய்யும் குடியானவர்கள் இதை அனுபவத்தால் அறிவர். முதல் மழைக்கு முளைத்த பயிர் அடுத்த மழை வருமுன் காய்ந்துபோனால், விதையும் கூலியும் வீணாகும். மறுவிதைப்புக்குப் புதிதாகக் கடன் வாங்க நேரும். பழைய கடனின் தவணையோ காத்திராது. ஆகவே மேல்வகுப்பு மாணாக்கருக்கு, “விதைக்கத் தக்க முதல் மழைக்கும் அடுத்த மழைக்கும் எத்தனை நாள் இடைவெளி?” என்ற கேள்வியை வருஷந்தோறும் கொடுத்து விடை எழுதச் செய்யவேண்டும். பெரியோரின் நினைவு பெருவெள்ளத்தைக் காக்கும். இத்தகைய சிறு இடைவெளிகளை மறந்துவிடும். குறிப்பேடோ மறப்பதில்லை.

அவசர முடிவும் ஆகாது. ஒரு வருஷத்துக் கணக்கு விதியாகாது. அடுத்த கிராமத்து மழை இக்கிராமத்து மழையாகாது. மழை மாதத்தில் வெங்காய விலை ஏறினால், மழையினாலேதான் ஏறிற்று என்று உடனே தீர்மானிக்காமல், வரத்து, சேமிப்பு, பண்டிகைத் தேவை ஆகியவற்றையும் மாணாக்கர் விசாரிக்கவேண்டும்.

இம்முயற்சியில் சங்கம் செய்யவேண்டியது சொற்பமே. உபவிதிகள் இடந்தருமாயின் பொது நல நிதியிலிருந்து பள்ளிக்குத் தரமான மழைமானி ஒன்று வாங்கித் தரலாம். மாதந்தோறும் பிள்ளைகளின் அட்டவணையைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். பயிர்க்கடன் தேவையையும் விதை இருப்பையும் நிர்ணயிக்கும் கூட்டத்தில் அதை முன்வைத்து ஆலோசிக்கலாம். தம் கணக்கைப் பெரியோர் மதித்துப் படிக்கிறார்கள் என்று கண்ட பிள்ளை, ஒரு நாளும் தவறாமல் அளக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன், புரட்டாசியிலேயே பாத்திரத்தை வைத்துக் குறிப்பேட்டைத் தொடங்குவது உசிதம்.