பல்கலைக்கழக ஆசிரியரும் சமூகப் பங்கேற்பும் : ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் தரும் படிப்பினை

1. முன்னுரை

பல்கலைக்கழகத்தின் பணிகள் கற்பித்தல், ஆய்வு, விரிவாக்கம் என மூவகைப்படும். இவற்றுள் விரிவாக்கப் பணியும் ஏனைய இரண்டிற்கும் இணையான இடம் பெறத்தக்கது என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 1977ஆம் ஆண்டின் கொள்கை அறிக்கையில் வலியுறுத்தியது. அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, 1969 செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. 2014இல் உயர்கல்வி நிறுவனங்களைச் சிற்றூர்களோடு இணைக்கும் உன்னத் பாரத் அபியான் தொடங்கியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, சமூக ஈடுபாட்டிற்கு மதிப்பலகுடன் கூடிய பாடங்கள் வேண்டும் என்கிறது.

இவை அனைத்தும் செய்ய வேண்டியது யாது என்பதைக் கூறுவன. அதனைச் செய்யவேண்டியவர் வகுப்பறையிலும் ஆய்வுக்கூடத்திலும் மட்டுமே பயிற்சி பெற்ற ஆசிரியர். மக்களோடு இணைந்து பாடத்தையும் ஆய்வையும் உருவாக்கும் திறனை அவர் எங்கே, எவ்வாறு பெறுவது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. இவ்வினாவிற்கு, மத்தியப் பிரதேசத்தில் 1972 முதல் 2002 வரை நடைபெற்ற ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தின் வழியே விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சேவையும் பங்கேற்பும்

சமூகப் பணி என்றவுடன் சாலை செப்பனிடுதல், மரம் நடுதல், மருத்துவ முகாம் நடத்துதல் ஆகியவையே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. இவை பயனுள்ளவை. ஆயினும், இவற்றால் ஆசிரியர் கற்பிக்கும் பாடமோ அவர் செய்யும் ஆய்வோ மாறுவதில்லை. முகாம் முடிந்தபின் பழைய குறிப்பேட்டைக் கொண்டே வகுப்பு தொடர்கிறது. கொடுப்பவர் ஒருபுறமும் பெறுபவர் மறுபுறமுமாக நிற்கும் உறவு இது.

இதற்கு எதிர்முனையில் அமைவது களஆய்வு. ஒரு மொழித்துறை வேளாண் தொழிற்சொற்களைத் திரட்டச் செல்வதாகக் கொள்வோம். உழவர் 'தகவலாளி' ஆகிறார். சொற்கள் அட்டைகளில் ஏறுகின்றன. ஆய்வேடு நூலகத்தில் சேர்கிறது. தம் சொற்கள் எவ்வாறு பொருள் கொள்ளப்பட்டன என்பதை அவ்வுழவர் அறிவதற்கு வழியில்லை. பொருள் பிழையாகப் பதிவாகியிருப்பின் திருத்துவாரும் இல்லை. இங்கு மக்கள் கொடுப்பவர், ஆசிரியர் பெறுபவர்.

இவ்விரு நிலைகளினின்றும் வேறுபட்டது பங்கேற்பு. அதில் வினாவே இரு தரப்பினரும் கூடி எழுப்புவது. விடையைச் சோதித்துத் திருத்தும் உரிமையும் இரு தரப்பினர்க்கும் உண்டு. ஆசிரியர் தம் துறை அறிவைக் கைவிடுவதில்லை. அது திருத்தத்திற்கு உட்பட்டது என்பதை ஏற்கிறார். இம்மனநிலை அறிவுரையால் வருவதன்று, பழக்கத்தால் வருவது. அப்பழக்கத்திற்கு இடமளிக்கும் அமைப்பே முதன்மையான தேவையாகும்.

3. ஹோசங்காபாத் திட்டம்

இன்று நர்மதாபுரம் எனப் பெயர் பெற்றுள்ள ஹோசங்காபாத் மாவட்டத்தில், ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையமும் கிஷோர் பாரதி என்னும் தன்னார்வ நிறுவனமும் இணைந்து, மாநில அரசின் இசைவுடன் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் இத்திட்டத்தைத் தொடங்கின. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அறிவியலை மனப்பாடமாக அன்றிச் சோதனை வாயிலாகக் கற்பிக்க இயலுமா என்பதே அவை எடுத்துக்கொண்ட வினா.

1973 முதல் தில்லிப் பல்கலைக்கழக அறிவியல் ஆசிரியர்கள் இதில் இணைந்தனர். 1978இல் மாவட்டம் முழுவதற்கும் திட்டம் விரிவாக்கப்பட்டது. 1982இல் தோற்றுவிக்கப்பட்ட ஏகலவ்யா நிறுவனம் பொறுப்பேற்றபின் வேறு மாவட்டங்களுக்கும் அது பரவியது.

'பால் வைஞானிக்' என்னும் பாடநூல் விடைகளைத் தரவில்லை. செய்ய வேண்டிய சோதனைகளையும் எழுப்ப வேண்டிய வினாக்களையும் தந்தது. மாணவர் நால்வர் கொண்ட குழுக்களாக அமர்ந்து சோதனை செய்து, கண்டதைத் தம் ஏட்டில் தாமே எழுதினர். கருவிகள் எளியவை; பூவைப் பிரித்துப் பார்க்கக் கருவேல முள்ளே ஊசியாகப் பயன்பட்டது. தேர்வு அறைக்குள் நூலையும் ஏட்டையும் கொண்டுசெல்ல இசைவு அளிக்கப்பட்டது. செய்முறையும் தேர்வின் பகுதியாயிற்று.

4. ஆசிரியர்க்குத் துணைநின்ற கூறுகள்

பட்டமேற்படிப்பு மாணவர்க்கு இயற்பியல் கற்பித்தவர் ஆறாம் வகுப்புக் கிராமப் பள்ளிக்கு உதவியது எவ்வாறு என்பது எண்ணற்குரியது. தனிமனித ஆர்வம் ஒன்றே இதற்குக் காரணமன்று. நான்கு கூறுகள் அவர்க்குத் துணைநின்றன.

முதலாவது, காலம். பல்கலைக்கழக மானியக் குழு வழங்கிய நல்கைகளால் ஆசிரியர் சிலர் தம் வகுப்புப் பொறுப்பிலிருந்து விடுபட்டுக் களத்தில் தங்க முடிந்தது. விடுமுறையில் மட்டும் வந்து செல்பவர்க்குப் பள்ளி நடக்கும் நாட்களின் நிலை தெரிவதில்லை.

இரண்டாவது, களத்தில் நிலைத்த நிறுவனம். பல்கலைக்கழக ஆசிரியர் வருவர், போவர். அவ்வூரிலேயே இருந்து பள்ளிகளோடும் பெற்றோரோடும் அரசு அலுவலரோடும் தொடர்பைக் காத்தவை அங்கிருந்த நிறுவனங்களே. அத்தகைய துணை இல்லாதவிடத்து ஒவ்வொரு ஆண்டும் உறவைத் தொடக்கத்திலிருந்து அமைக்க நேரிடும்.

மூன்றாவது, திருத்தத்திற்கான வாயில். கோடைகாலப் பயிற்சி முகாம்களில் பள்ளி ஆசிரியர்கள் மாணவர் செய்யவேண்டிய சோதனைகளைத் தாமே செய்து பார்த்தனர். ஆண்டு முழுவதும் நடந்த மாதாந்தரக் கூட்டங்களில், எந்தச் சோதனை வகுப்பில் நடக்கவில்லை, எந்த வினா புரியவில்லை என்பனவற்றை எடுத்துரைத்தனர். அவர்தம் கருத்துகளை ஏற்றுப் பாடநூல் பலமுறை திருத்தப்பட்டது. பள்ளி ஆசிரியர்களுள் பலர் பின்னர்ப் பயிற்றுநராகவும் உயர்ந்தனர். பல்கலைக்கழகப் பேராசிரியரின் பாடத்தைக் கிராமப் பள்ளி ஆசிரியர் திருத்தியது இத்திட்டத்தின் உயிர்நாடி எனலாம்.

நான்காவது, மாணவர் வினாக்கள். 'சவாலிராம்' என்னும் கற்பனைப் பாத்திரத்திற்குக் குழந்தைகள் அஞ்சல் வழியே வினா விடுத்தனர். அவர்களுக்கு விடையும் எழுதப்பட்டது. பாடத்திட்டத்திற்குள் அடங்காத வினாவே துறையறிஞர்க்குக் கடுமையான சோதனை. அதனை எளிய சொற்களில் விளக்க முற்படும்போதுதான் தம் அறிவில் எது தெளிவு, எது வெறும் கலைச்சொல் என்பது அவர்க்குப் புலனாகும்.

5. மொழிக்கூறு

இத்திட்டத்தில் மொழியறிஞர் கருதத்தக்க செய்தியும் ஒன்றுண்டு. வரையறையைத் தொடக்கத்தில் தந்து பின் எடுத்துக்காட்டுவது பாடநூல்களின் பொதுவழக்கு. இங்கு அம்முறை மாற்றப்பட்டது. மாணவர் பொருளைக் கையாண்டு வேறுபாட்டை உணர்ந்தபின்னரே அதற்கான பெயர் தரப்பட்டது. வடமொழி மிகுந்த கலைச்சொற்கள் குறைக்கப்பட்டு, குழந்தைகளுக்குப் பழகிய இந்திச் சொற்களும் சிறு தொடர்களும் பயன்படுத்தப்பட்டன.

கலைச்சொல்லாக்கம் நிகழும் ஒவ்வொரு இந்திய மொழிக்கும் இது பொருந்தும். ஒரு சொல் இலக்கணப்படி சரியாக அமைந்துள்ளதா என்பதை வல்லுநர் குழு தீர்மானிக்கலாம். அது பொருளை உணர்த்துகிறதா என்பதை வகுப்பறையும் தொழிற்களமுமே தீர்மானிக்க இயலும். எனவே சொற்பட்டியலை அச்சிடுமுன் அதனைப் பயன்படுத்துவோரிடம் கொண்டுசென்று சோதித்தல், மொழித்துறை ஆசிரியர் எளிதில் மேற்கொள்ளத்தக்க பங்கேற்புப் பணியாகும். முற்கூறிய உழவர், தகவலாளி என்னும் நிலையிலிருந்து திருத்துநர் என்னும் நிலைக்கு இதனால் உயர்வார்.

6. இடர்ப்பாடுகள்

2002இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டுக்காலம் உருவான பாடநூலும் தேர்வுமுறையும் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டன. அரசுப் பள்ளிக்குள் நடைபெறும் முயற்சி அரசின் இசைவை மட்டும் சார்ந்திருக்கும்போது அவ்விசைவோடு அதுவும் முடிந்துவிடும் என்பது இதனால் விளங்குகிறது. பெற்றோரும் உள்ளூர் மன்றங்களும் தம்முடையதாகக் கருதும் அளவிற்கு ஒரு திட்டம் வேரூன்றுதல் எளிதன்று. ஆயினும் அதுவே அதன் காப்பாகும்.

மற்றோர் இடர்ப்பாடு பல்கலைக்கழகத்தின் உள்ளேயே உள்ளது. மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகளில் விரிவாக்கப் பணி ஒரு பிரிவிலும் ஆய்வு வெளியீடு வேறொரு பிரிவிலும் வைத்து மதிப்பிடப்பட்டன. 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் அம்மதிப்பெண் முறையை மாற்றின. எனினும், அப்பகுப்பின் பின்னிருந்த எண்ணம் சிந்தனைக்குரியது. மக்களோடு கூடிச் செய்த பாடநூல் திருத்தம் விரிவாக்கமா, ஆய்வா? அது இரண்டும் ஆகும். இரண்டில் ஒன்றாக மட்டும் எண்ணப்படின், பதவி உயர்வை நோக்கும் இளம் ஆசிரியர் கட்டுரை எழுதுவதையே தேர்ந்துகொள்வார். அதற்காக அவரைக் குறைகூறுதல் முறையாகாது.

7. முடிவுரை

ஆசிரியர்க்குச் சமூகப் பங்கேற்பில் பயிற்சி அளிக்க விரும்பும் நிறுவனம் சில நாள் கருத்தரங்கோடு அமைதல் போதாது. பணிச்சுமையைக் குறைத்துக் காலம் தருதல், களத்தில் நிலைத்த அமைப்போடு நெடுநாள் உடன்பாடு செய்தல், மக்கள் கருத்தைக் கேட்டுத் திருத்துவதற்கான கூட்டங்களை முறையாக நடத்துதல், அத்திருத்தத்தையும் ஆய்வுப் பணியாக மதித்தல் ஆகிய நான்கும் வேண்டும். புதிய ஆசிரியர் முதலாண்டில் தாமே திட்டம் தீட்டாது, நடைபெற்றுவரும் ஒரு பணியில் கேட்குநராகச் சேர்வது நலம்.

ஹோசங்காபாத் திட்டம் பள்ளிகளில் இன்று இல்லை. ஆயினும், பல்கலைக்கழக ஆசிரியரைக் கிராமப் பள்ளி ஆசிரியரோடு சமமாக அமர்த்தி, தம் பாடத்தைத் தாமே மறுமுறை எழுதச் செய்ய இயலும் என்பதை அது காட்டியது. மக்களிடம் செல்லும் ஆசிரியர், தாம் கற்பித்ததோடு தாம் திருத்திக்கொண்டதையும் குறித்துவைப்பாராயின், பல்கலைக்கழகத்தின் மூன்று பணிகளும் தனித்தனியே நில்லாது ஒன்றாக இணையும்.