பவுண்டரிக்குள் பந்தி

மும்பை மரீன் டிரைவில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால், சாலைக்கு அந்தப் பக்கம் வரிசையாக மைதானங்கள். பார்சி ஜிம்கானா, இஸ்லாம் ஜிம்கானா, இந்து ஜிம்கானா. கிரிக்கெட் ஆட வெள்ளைக்காரன் காலத்தில் சமூகவாரியாகப் பிரித்துக் கொடுத்த நிலம். 1890களின் தொடக்கத்தில் பம்பாய் ஆளுநராக இருந்த ஹாரிஸ் பிரபு, இங்கிலாந்து அணியின் முன்னாள் கேப்டன். இந்தியர்களின் கிளப்புகளுக்கு இடம் கிடைத்ததில் அவருக்கும் பங்குண்டு. மதத்துக்கொரு அணி என்று நடந்த போட்டிகள் 1945-46 சீசனோடு முடிந்துவிட்டன. மைதானங்கள் மிச்சம். பகலில் அங்கே நெட் பிராக்டிஸ்; முகூர்த்த நாளென்றால் மாலையில் ரிசப்ஷன்.

ஒரு டிசம்பர் மாலை அப்படி ஒன்றுக்குப் போயிருந்தேன். அழைப்பிதழில் ‘லான்’ என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் பவுண்டரி கோட்டுக்கு உள்ளே பந்தி! நடுவில் பிட்ச் இருக்கும் பகுதியை மட்டும் கயிறு கட்டி மூடி வைத்திருந்தார்கள். மேடை லாங் ஆனில். பானிபூரி கடை ஏறக்குறைய டீப் பாயின்ட்டில். எதிரே கடல், அரைவட்டமாய்த் தெருவிளக்கு. எந்த ஏசி மண்டபமும் இந்தக் காட்சிக்கு ஈடாகாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கடற்காற்று பஃபே அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தது. எட்டு மணிக்கே புல் ஈரமாகிவிட்டது. ஹீல்ஸ் போட்டு வந்த பெண் ஒருத்தி அடிக்கு அடி மண்ணில் புதைந்து, கடைசியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி மணமக்களை வாழ்த்தப் போனாள். பத்து மணி அடித்ததும் பாட்டு கப்சிப். இரவு பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம்.

மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மாலிக்கு வேலை ஆரம்பிப்பதே அதற்கப்புறம்தான். ஹீல்ஸ் குத்திய ஓட்டையைவிட அவருக்குப் பெரிய தலைவலி சாமான் ஏற்றிவந்த லாரி. சக்கரம் ஓடிய இடத்தில் மண் இறுகிப்போகும், தண்ணீர் இறங்காது. பலகை விரித்த இடத்தில் வெயில் படாமல் புல் வெளுக்கும். முளைக்குச்சிக் குழிகளை மண் போட்டு நிரப்ப வேண்டும். எல்லாவற்றையும்விட, புல்லுக்குள் கிடக்கும் ஆணி.

இதில் ஒரு வேடிக்கை. ஆடி மாதத்தையொட்டி வரும் ஏகாதசியிலிருந்து கார்த்திகை ஏகாதசி வரை மராத்தியர், குஜராத்தியர் வீடுகளில் பொதுவாகக் கல்யாணம் கிடையாது. சாதுர்மாசம். மைதானம் சேறாகக் கிடக்கும் அந்த மழை மாதங்களில்தான் 1948 முதல் காங்கா லீக் கிரிக்கெட் நடக்கிறது. மழை விட்டு, புல் பச்சை பிடித்து, ஆட்டத்துக்கு அருமையான பருவம் வரும்போது, கல்யாண சீசனைத் தொடங்கிவைக்கும் துளசி கல்யாணமும் வந்துவிடும், பின்னாலேயே பந்தல்காரர்களும்.

வாடகைப் பணம் இல்லாமல் கிளப் நடத்த முடியாது என்கிறார்கள். இருக்கலாம். மாலியும் ரோலரும் உள்ள இடத்தில் புல் எப்படியோ மறுபடி தழைத்துவிடும். நம்மூர்ப் பள்ளி மைதானங்களை வாடகைக்கு விட்டால் யார் வந்து குழி மூடுவார்கள்? அங்கே கூடவே கூடாது என்பதுதான் என் கட்சி.

மைதானத்து ரிசப்ஷனுக்கு உங்களுக்கும் அழைப்பு வந்தால் தட்டைச் செருப்பு போட்டுப் போங்கள். சாப்பிட்டு முடித்ததும் பல் குத்தும் குச்சியைப் புல்லில் போடாதீர்கள். காலையில் அங்கே பந்தைப் பிடிக்க ஒரு பையன் நெஞ்சு பட விழுவான்.