உழைத்த கூலி - 9: காசோலையைக் கூறு போடுவது யார்?

ஓவர்டைம் தராத நிறுவனங்கள் மீது அமெரிக்கத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து போடும் கூட்டு வழக்குகள் எப்படிச் சமரசத்தில் முடிகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். பணம் கைக்கு வரும்போது வரித்துறையும் கூடவே வருகிறது.

கலிபோர்னியாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குபவரின் பங்கு 900 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் அதை 300 சம்பள பாக்கி, 300 வட்டி, 300 அபராதம் என்று பிரித்திருப்பார்கள். விகிதம் வழக்குக்கு வழக்கு மாறும். சம்பள பாக்கியில் மட்டும் கூட்டரசு வருமான வரிக்காகப் பெரும்பாலும் 22 சதவீதம், அதாவது 66 டாலர் பிடிப்பார்கள். சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் 7.65 சதவீதம், 22.95 டாலர். மாநில வரி தனி. வட்டியும் அபராதமும் பிடித்தமில்லாமல் முழுசாக வரும். ஆபத்து அங்கேதான். அந்த 600 டாலரும் வரிக்கு உட்பட்ட வருமானமே. சம்பளத்துக்கு டபிள்யூ-2 படிவம், மற்றதற்கு 1099. தொகை சிறியது என்று 1099 வராமல் போனாலும் கணக்கில் காட்டியே தீர வேண்டும்.

இந்தக் கூறுகளை எழுதுவது இரு தரப்பு வக்கீல்கள். சம்பளப் பங்கைக் குறைத்து எழுதினால் முதலாளி தன் பங்குக்குக் கட்டும் 7.65 சதவீதமும் குறையும். தொழிலாளிக்குப் பிடித்தம் குறையும்; கூடவே அவருடைய ஓய்வூதியக் கணக்கில் ஏறும் சம்பளமும் குறையும். அவரைக் கேட்டு யாரும் எழுதுவதில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பல வருஷ பாக்கி ஒரே வருஷத்தில் வந்தால், அந்த வருஷக் கணக்கில்தான் வரி. பழைய பாக்கிக்கான சமூகப் பாதுகாப்பு வரியும் பணம் கொடுத்த ஆண்டின் விகிதப்படியே என்று 2001-ல் கிளீவ்லாண்ட் இண்டியன்ஸ் பேஸ்பால் அணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் அரியர்ஸ் வாங்கும் ஊழியர், அதை முந்தைய ஆண்டுகளுக்குப் பரப்பிக் கணக்கிட்டு நிவாரணம் கேட்கலாம். அமெரிக்கத் தொழிலாளிக்கு வருமான வரியில் அந்த வசதி இல்லை. அவர் செய்த தப்பு எதுவும் இல்லாமல், காலதாமதத்தால் மேல்படி விகிதத்துக்குத் தள்ளப்படலாம்.

உடல் காயத்துக்கான இழப்பீட்டுக்கு வரி இல்லை. ஆனால் 1996 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வேலையிடத்தில் இனபேதத்தால் பட்ட மனவேதனைக்குக் கிடைக்கும் பணத்துக்கு வரி உண்டு. எலும்பு முறிந்தால் விலக்கு, மனசு உடைந்தால் வரி என்ற இந்தப் பாகுபாடு அநியாயம்.

வரியே வழக்கானதும் உண்டு. இந்தியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு அனுப்பப்பட்ட ஊழியர்கள், தங்களுக்குத் திரும்ப வரவேண்டிய வரிப் பணத்தை நிறுவனத்துக்கே எழுதித்தர வைத்தார்கள் என்று டாடா கன்சல்டன்சி மீது 2006-ல் கூட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். நிறுவனம் மறுத்தது. 2013-ல் 2.975 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

சமரசத்துக்கு நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். அதற்கு முன் நோட்டீஸ் தபாலில் வரும். ஆட்சேபிக்கக் கடைசித் தேதியும் அதில் இருக்கும். எத்தனை டாலர் என்று பார்த்தவுடன் மடித்து வைத்துவிடாமல், அதை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்ற பத்தியையும் படிக்க வேண்டும். பிரிவினை சரியில்லை என்றால் அந்தத் தேதிக்குள் நீதிமன்றத்துக்கு எழுதலாம்.