மேயும் மாட்டின் ஏப்பத்தில் போகும் தீனி

சாண எரிவாயு அடுப்பில் நீலமாக எரிவது மீத்தேன் வாயு என்பது உழவர்கள் அறிந்ததே. அதே வாயு மாட்டின் வயிற்றுக்குள்ளும் உண்டாகிறது. முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் வைக்கோலின் நாரைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் மிஞ்சும். வேறு சில நுண்ணுயிர்கள் அதைக் கரியமில வாயுவுடன் சேர்த்து மீத்தேன் ஆக்கிவிடுகின்றன. இது பின்புறமாக வெளியேறுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஏப்பமாக வாய், மூக்கு வழியே போய்விடுகிறது.

காற்று மண்டலம் வெப்பமாவது ஒருபுறமிருக்க, இது உங்கள் தீனியின் நட்டமும் ஆகும். பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழுவின் 2006ஆம் ஆண்டுக் கணக்கீட்டு முறை, நம் பகுதிக் கறவை மாடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேன் எனக் கொண்டது. சமையல் எரிவாயு உருளை நான்கிற்கு மேற்பட்ட வெப்பம் அது!

தொழுவத்து மாட்டை மூடிய அறையில் நிறுத்தி இதனை அளக்கலாம். சிதம்பரம் பக்கம் சம்பா அறுத்த தாளில் மேயும் மாட்டை எப்படி அளப்பது? அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1994இல் வெளியிட்ட முறை இதற்கு உதவுகிறது. பெங்களூரிலுள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனமும் இதைக் கையாண்டுள்ளது.

கந்தக ஹெக்சாஃபுளோரைடு என்னும் வாயு அடைத்த சிறு உலோகக் குழாயை மாட்டை விழுங்கச் செய்வர். நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம் கசியும் என்பது முன்பே அளந்து வைக்கப்பட்டது. காற்று நீக்கிய கலம் ஒன்றை மாட்டின் கழுத்தில் மாட்டி, முகக் கயிற்றோடு வரும் மெல்லிய குழாயை மூக்கருகே வைப்பர். மாடு பாட்டுக்கு மேயும். கலம் 24 மணி நேரம் மூச்சைச் சிறிது சிறிதாக இழுத்துக்கொள்ளும். சுற்றுக்காற்றின் அளவைக் கழித்தபின், குழாய் வாயுவைப்போல் 50,000 மடங்கு எடை மீத்தேன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குழாய் நாளுக்கு 3 மில்லிகிராம் விட்டிருந்தால் மீத்தேன் 150 கிராம். ஒரு நாள் அளவு போதாது. பல நாள் தொடர வேண்டும். ஆகவே, மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் கணக்குச் சொல்பவர் கூறுவது சராசரியே, உங்கள் மாட்டின் அளவு அல்ல.

வெறும் வைக்கோல் தின்னும் மாட்டில் லிட்டர் பாலுக்கு மீத்தேன் மிகுதி. விருத்தாசலம் பகுதியில் நிலக்கடலைக் கொடியையும், சிதம்பரம் பகுதியில் நெல் தரிசு உளுந்தின் பொட்டையும் வைக்கோலுடன் கலந்து கொடுங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்தும் ஊட்டலாம். மொத்த வாயு குறையாவிட்டாலும், பால் கூடுவதால் லிட்டருக்கான அளவு இறங்கும். நெடி போக ஆறவிட்டே போடவும். ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுக்கு இதைக் கொடுக்கலாகாது.