ஓடுகிற பையனைப் படமெடுக்க

எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரம். மாற்றுச் சான்றிதழ் வாங்க ஒரு தாய் வந்திருந்தார். குடும்பத்தோடு திருப்பூருக்குப் போகிறார்கள். தந்தை முன்னரே அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறார். “இந்த ஸ்கூல்ல எடுத்த போட்டோ ஒண்ணு இருந்தா குடுங்க சார். அவங்க அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு” என்றார்.

என் செல்பேசியில் மூன்றாண்டுப் படங்கள் இருந்தன. சுதந்திர தினம், அறிவியல் கண்காட்சி, ஆண்டு விழா. பல படங்களில் அந்தப் பையன் இருந்தான். ஒன்றில்கூட முகம் இல்லை, வெறும் இழுப்பு. ஒரு நிமிடம் நிற்க மாட்டான். கடைசியாக எடுத்த குழுப் படத்தில் ஓரத்தில் கலங்கித் தெரிந்தவனை நானே வெட்டிவிட்டிருந்தேன். அதை அந்தத் தாயிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அன்றே அவனைச் சுவரோரம் நிற்கவைத்து எடுத்தேன். விறைப்பாக, யாரோ ஒரு பையனைப் போல இருந்தான். திருவில்லிபுத்தூரில் ஸ்டுடியோ நடத்தும் நண்பர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். பழைய கேமரா ஒன்றைக் கையில் கொடுத்து, “சைக்கிள் ஓட்டச் சொல்லி பேனிங் பண்ணிப் பாருங்க” என்றார்.

பேனிங் என்பது, ஓடும் பொருளை அதன் வேகத்திலேயே கேமராவால் தொடர்ந்துகொண்டே படம் எடுப்பது. வேகத்தை உறைய வைக்க வேறு வழியும் உண்டு. 1878இல் மைபிரிட்ஜ், பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும் கணத்தைப் படத்தில் காட்டியது மிகக் குறைந்த நேரமே திறந்து மூடும் ஷட்டரால்தான். ஆனால் அப்படி எடுத்தால் சைக்கிள் ஓடுகிறதா, நிற்கிறதா என்றே தெரியாது.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 18 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 5 மீட்டர். ஷட்டர் 1/1000 நொடி திறந்தால் சைக்கிள் அரை சென்டிமீட்டர்தான் நகரும். 1/30 நொடி என்றால் ஏறக்குறைய 17 செ.மீ.; ஒரு முகத்தின் அகலமே அவ்வளவுதான். கேமரா அசையாமல் இருந்தால் முகம் அழிந்துவிடும். கேமராவும் கூடவே திரும்பினால் முகம் தெளிவாக நிற்கும், பின்னால் உள்ள உலகம் இழுபடும்.

சொல்வது எளிது. மம்சாபுரத்தில் தென்னந்தோப்பு ஓரச் சாலையில் முதல் மாலை எடுத்த அறுபது படங்களில் ஒன்றும் தேறவில்லை. ஷட்டரை அழுத்தியதும் என் கை நின்றுவிட்டது, அதுதான் தவறு. கேட்ச் பிடிப்பவனின் கண் பந்தோடு போவதைப் போல, அழுத்திய பின்னும் தொடர வேண்டும். பாதங்களைப் படம் எடுக்கப்போகும் இடத்தை நோக்கி ஊன்றிக்கொண்டு, இடுப்பைத் திருப்பித் தூரத்திலேயே ஆளைப் பிடித்துவிட வேண்டும். நமக்கு நேர் எதிரே குறுக்காகக் கடக்கும்போது அழுத்த வேண்டும். அந்த இடத்தில்தான் நமக்கும் அவனுக்கும் உள்ள தூரம் அதிகம் மாறுவதில்லை, ஃபோகஸ் தப்பாது.

பின்னணியும் முக்கியம். மேற்கே மலையை வைத்து எடுத்தபோது வேகமே தெரியவில்லை. மலையும் அதே அளவுதான் இழுபடுகிறது. ஆனால் அதில் இழுபட்டுத் தெரியக் கோடுகள் இல்லை. தென்னை மரங்கள் அப்படியல்ல, வரிவரியாய்ப் பாய்ந்தன. செல்பேசியிலும் புரோ மோடில் 1/30 வைத்து எடுக்கலாம். பகல் வெயிலில் படம் வெளுத்துவிடும், பொழுது சாய்ந்தபின் முயலுங்கள்.

ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு ‘இயக்கம்’ பாடம் நடத்தும்போது இரண்டு படங்களைக் காட்டினேன். கேமராவை அசைக்காமல் 1/125 நொடியில் எடுத்தது ஒன்று, பேனிங் படம் ஒன்று. முதல் படத்தில் சக்கரத்தின் கீழ்ப்பகுதிக் கம்பிகள் ஓரளவு தெரிந்தன, மேலே அழிந்திருந்தன. இரண்டாவதில் சுற்றிலும் ஒரே மாதிரி அழிவு, நடு அச்சு மட்டும் தெளிவு. ஏன் என்று கேட்டேன். பத்து நிமிடச் சண்டைக்குப் பின் ஒரு மாணவி, “கீழ தரையைத் தொடுற எடம் அந்த நேரத்துல நிக்குது சார், மேல டபுள் ஸ்பீடு” என்றாள். சரி. பேனிங் படத்தில் நாம் சைக்கிளோடு போகிறோம், அதனால் சக்கரம் சுழல்வது மட்டுமே நமக்குத் தெரிகிறது. சார்பு இயக்கத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கே தோன்றியதில்லை.

இரண்டாம் மாலை மூன்று படங்கள் தேறின. ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். ஹேண்டில்பாரில் குனிந்து, பல் தெரியச் சிரித்தபடி வருகிறான். அம்மா வெகுநேரம் பார்த்தார். “பரவாயில்லையே, இதுலயாச்சும் ஒரு எடத்துல நின்னுருக்கான்” என்றார்.

பையன் ஒன்றும் பேசாமல் படத்தில் இருந்த சக்கரத்தைத் தொட்டுக் காட்டினான்.