உடம்பின் ஆட்சி – 9: அவருக்கு என்ன குறை?

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் ஓர் அக்கா பிளாஸ்டிக் பை நிறைய மருந்துத் துண்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் குழந்தை இல்லை. பதுளையில் எடுத்த ஸ்கேன், பண்டாரவளையில் பார்த்த இரத்தப் பரிசோதனை, எல்லாமே அக்காவின் பெயரில். கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்ததும் அவர்தான். கணவர் பெயரில் ஒரு துண்டுகூட இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"விடிஞ்சா மலைக்குப் போயி கவ்வாத்து வெட்டுறாரு தம்பி. அவருக்கு என்னா கொறை?"

உடம்பில் பலம் இருந்தால் விந்தும் இருக்கும் என்ற இந்த நம்பிக்கை ஊவாவின் லயங்களில் மட்டும் இல்லை. படித்தவர் வீடுகளிலும் இதே பேச்சுத்தான். ஆனால் விஞ்ஞானம் சொல்வது வேறு.

மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பி இரண்டு ஓமோன்களை விதைகளுக்கு அனுப்புகிறது. எல்எச் என்பது லெய்டிக் கலங்களைத் தூண்டித் தெஸ்தெஸ்தரோனைச் சுரக்க வைக்கிறது. எஃப்எஸ்எச் நேரே செர்டோலிக் கலங்களுக்குப் போகிறது. வளரும் விந்துக் கலங்களைச் சுற்றி அணைத்து ஊட்டுபவை இந்தச் செர்டோலிக் கலங்களே. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாம்மா எப்படியோ, விதைக்குள் இவை அப்படி.

விந்தை உருவாக்கும் ஓமோன் தெஸ்தெஸ்தரோன் என்கிறோம். ஆனால் விந்தாக மாறப்போகும் கலத்துக்கு அந்த ஓமோன் நேரடியாகத் தேவையில்லை. தெஸ்தெஸ்தரோனைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிப் புரதம் செர்டோலிக் கலத்தில்தான் வேலை செய்கிறது. ஓமோன் உள்ளே வந்து வாங்கியோடு சேர்ந்ததும், இரண்டும் கலத்தின் கருவுக்குள் நுழைந்து டிஎன்ஏயில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொள்கின்றன. அங்கே சில பரம்பரையலகுகள் விழிக்கின்றன, சில அடங்குகின்றன. எஃப்எஸ்எச்சோ கலத்துக்குள் நுழைவதே இல்லை. வெளிச்சுவரில் நின்றபடி உள்ளே ஒரு சமிக்ஞைத் தொடரைக் கிளப்பி, வேறு பரம்பரையலகுகளை இயக்குகிறது. இப்படி உருவாகும் புரதங்களின் தயவில்தான் விந்துக் கலம் வளர்கிறது.

2004இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செர்டோலிக் கலத்தில் மட்டும் அந்த வாங்கி இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். தெஸ்தெஸ்தரோன் இருந்தும் ஒடுக்கற்பிரிவு என்ற கலப்பிரிவுக் கட்டத்தோடு விந்தாக்கம் நின்றுபோனது. அதற்கு முன்பே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என். ஆர். மௌட்கல் குழுவினர் நாட்டுக் குரங்குகளில் எஃப்எஸ்எச்சை மட்டும் தடுத்துப் பார்த்திருந்தார்கள். ஆண் குரங்குகளின் தெஸ்தெஸ்தரோன் குறையவில்லை. விந்து குறைந்தது, தரமும் கெட்டது. அக்காவின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. ஆண்மைக்குரிய ஓமோன் குறையாமலே விந்து குறையலாம்.

கொழும்புக்கு வேலைக்குப் போய் ஜிம்மில் சேரும் நம் பையன்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உடம்பு ஏற்ற தெஸ்தெஸ்தரோன் ஊசி போட்டால் விந்து கூடாது, குறையும். இரத்தத்தில் ஓமோன் நிறைந்திருப்பதைக் கண்ட மூளை எல்எச்சையும் எஃப்எஸ்எச்சையும் நிறுத்திவிடும். விதைக்குள் சாதாரணமாக இரத்தத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு இருக்கும் தெஸ்தெஸ்தரோன் அப்போது சரிந்துபோகும். உலக சுகாதார ஸ்தாபனம் பல நாடுகளில் இதையே ஆண் கருத்தடையாகச் சோதித்து 1990இல் முடிவுகளை வெளியிட்டது. வாரம் ஒரு ஊசி போட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தே இல்லாமல் போனது. ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலை திரும்ப மாதங்கள் ஆகும்.

ஒரு விந்து உருவாக 74 நாள் வரை செல்லும். கடைசிக் கட்டத்தில் டிஎன்ஏ இறுகச் சுருண்டு பரம்பரையலகுகள் பேச்சை நிறுத்திவிடும். வேண்டிய புரதங்களுக்கான கட்டளைகள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஆகவே இன்று வந்த கடும் காய்ச்சலின் பாதிப்பு இரண்டு மூன்று மாதம் கழித்தும் தெரியலாம். ஒரே பரிசோதனையோடு தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று வைத்தியர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலையகத்தில் பிள்ளை போதும் என்றாலும் எல்ஆர்டி என்ற கருத்தடைச் சத்திரசிகிச்சை பெண்ணுக்கு. பிள்ளை இல்லை என்றாலும் ஸ்கேன் பெண்ணுக்கு. பெண்களுக்கான இந்தச் சத்திரசிகிச்சை தோட்டங்களில் மிக அதிகம் என்பது பல ஆய்வுகளில் பதிவான செய்தி. சுமை முழுவதையும் ஒரே உடம்பில் ஏற்றுவது அநியாயம். பதுளைக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த அக்காவுக்கு ஒரு நாள் பேர், அதாவது கூலி, போகிறது.

விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும். ஒரு மில்லிலீற்றரில் விந்துக் கலங்கள் 1 கோடியே 60 இலட்சத்துக்குக் குறைவாக இருந்தால் வைத்தியர் மேலே பார்ப்பார். ஒரு வருடம் முயன்றும் கரு தங்காத வீடுகளில் அண்ணன்மாரே, அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் கூடப் போங்கள். முதல் துண்டு உங்கள் பெயரில் எழுதப்படட்டும்.