மருந்து கழுவுண்ட பிறகு

பொய்ப்பல் கட்டிய, சீனி வருத்தமும் உள்ள வாப்பாவின் நாக்கில் வெண்படலம். டொக்டர் நிஸ்டாட்டின் திரவம் எழுதிக் கொடுக்கிறார். நாளைக்கு நாலு தடவை வாயில் வைத்திருக்க வேண்டும். "அஞ்சு நிமிசத்துல எச்சிலோட போற மருந்து என்னத்தச் செய்யும்?" என்கிறார் வாப்பா. நியாயமான கேள்விதான்.

படலத்துக்குக் காரணம் கண்டிடா என்னும் மதுவம். பாண் மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டுக்குத் தூரத்துச் சொந்தம். நம் நாட்டவர்களான லக்ஷ்மன் சமரநாயக்கவும் அர்ஜுன எல்லேபொலவும் 1990களின் இறுதியில் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தது ஏறக்குறைய வாப்பாவின் கேள்வியைத்தான். வாயிலிருந்து எடுத்த கண்டிடாவை ஒரு மணித்தியாலம் மாத்திரம் மருந்தில் வைத்தார்கள். பிறகு மருந்தை நீக்கி, புது ஊடகத்தில் வளரவிட்டார்கள். மருந்தே படாத மதுவத்தை விட இது எவ்வளவு பிந்தி வளரத் தொடங்குகிறது என்பதே கணக்கு.

நிஸ்டாட்டின் பட்டது உடனே எழும்பவில்லை. கண்டிடா அல்பிகன்ஸ் ஏறத்தாழ 7 மணித்தியாலம் பிந்தியது. பராப்சிலோசிஸ் என்ற இனமோ 15 மணித்தியாலம் வரை. நிஸ்டாட்டின் மதுவத்தின் கலமென்சவ்விலுள்ள எர்கோஸ்டெரோலைப் பற்றிக்கொண்டு ஓட்டை போடுகிறது. மருந்து போனாலும், தப்பிய கலம் சேதத்தைத் திருத்தத்தானே வேண்டும்? இன்னொன்று: அப்படித் தப்பியவை கன்னத்தின் உட்தோலில் ஒட்டும் வலிமையிலும் குறைந்திருந்தன. ஒட்ட முடியாத மதுவத்தை எச்சிலே அடித்துக்கொண்டு போய்விடும். வளர்ச்சி பிந்துவதை விட இது பெரிய விசயம் என்று எனக்குப் படுகிறது.

ஃப்ளூகொனசோலின் கதை வேறு. அது எர்கோஸ்டெரோலை ஆக்கும் நொதியத்தைத் தடுக்கிறது, அவ்வளவுதான். மருந்தை எடுத்ததும் வேலை மறுபடி தொடங்கிவிடும். அதே சோதனையில் பின்விளைவு என்று சொல்ல ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குளிசையாக விழுங்கினால் அது லேசில் உடலை விட்டுப் போகாது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகவே சுமார் 30 மணித்தியாலம் பிடிக்கும்.

இனி நோன்பு. "ராவைக்கு மட்டும் போட்டா காணாதா? பகல்ல அதுட தாக்கம் நிக்கும்தானே" என்று கேட்கலாம். நம் நாட்டில் நோன்பு 13 மணித்தியாலத்துக்கு மேல். அல்பிகன்ஸுக்குக் கிடைத்த எண் அதில் பாதியளவே. அதுவும் குழாயில் மிதந்த தனிக் கலங்களில் கண்டது. பொய்ப்பல்லில் படலமாகப் படிந்த கண்டிடா மருந்துக்கு இலேசில் மசியாது. ஆகவே இந்த எண்ணை நம்பி வேளையைக் குறைக்க இடமில்லை. படலம் மறைந்த பிறகும் 2 நாள் போடச் சொல்வதும் சும்மா அல்ல.

"அப்ப ஒரு நாளைக்கு ஒண்டு போடுற குளிசைக்கு மாறினா?" மாறலாம், ஆனால் டொக்டரிடம் கேட்டுத்தான். கிளிக்லசைட் போன்ற சீனிக் குளிசையோடு ஃப்ளூகொனசோல் சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். பட்டினியாக இருக்கும் பகலில் அது ஆபத்து. நோன்பு பிடிப்பதையும் பாவிக்கும் குளிசைகளையும் டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.